கேட்டதற்குப் பதில்

காலை எட்டு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. பாரிஸில் அந்தக் கூரை போட்ட சந்தையின் இரும்புக் கதவு பாதிதான் திறந்திருந்தது. கதவுக்கு வெளியே, மடக்கிய மஞ்சள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். உள்ளங்கையிலிருந்து ஒரு தானியத்தை எடுத்து இடப்பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்தார். உடைந்த இரண்டு துண்டுகளையும் மறுபடி உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "வாங்க, வாங்க. பசியோட வந்திருக்கீங்களா?" என்றார்.

அந்தக் கடியை எனக்குத் தெரியும். இருபத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன், திருவாரூருக்குக் கிழக்கே ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில், ஒரு நெல் மூட்டைக்கு முன்னால் அதைப் பார்த்திருக்கிறேன். நாற்பது வரிச் செய்தியும் எழுதியிருக்கிறேன்.

ஒரு பத்திரிகையாளர் கூட்டத்துக்காகப் பாரிஸுக்குப் போயிருந்தேன். கடைசி நாள் வேலை இல்லை. சந்தைகளில் நடத்திக் கூட்டிப்போய், ஒவ்வொரு கடையிலும் ருசி பார்க்க வைத்து, தமிழில் விளக்கம் சொல்லும் மூன்று மணி நேர நடை ஒன்று இருப்பதாக விடுதியில் ஒரு தாள் கிடந்தது. பெயர் கொடுத்தேன். குழுவில் எட்டுப் பேர். வழிகாட்டி யார் என்று தாளில் இல்லை.

எங்கள் பக்கம் அவர் நெல் தரகராக இருந்தவர். தரகர் பாய் என்றால் போதும், பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. இங்கேயும் அதை விட்டுவிடுகிறேன். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, சைக்கிளின் முன்கம்பியில் செருகிய குத்தூசி. மூட்டையைப் பிரிக்காமல் பக்கத்தில் குத்தி, நாலைந்து நெல்லை வெளியே இழுக்கிற குழிந்த இரும்பு அது. நெல் கைக்கு வந்ததும் ஒன்றைக் கடிப்பார். என்ன ரகம், எத்தனை நாள் காய்ந்தது, களத்தில் மழை பட்டதா என்று சொல்வார். எந்த வயலில் விளைந்தது என்றும் சொல்வார்.

பொய் சொல்லமாட்டார் என்பதுதான் அவருடைய முதல். ஒரு குறுவை அறுவடையில், பெரிய மிராசுதார் ஒருவரின் களத்தில் வியாபாரிகள் நான்கு பேர் விலை பேச வந்து நின்றார்கள். மிராசுதார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சொல்லுங்க பாய், சருகாக் காஞ்சிருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

பாய் கடித்துப் பார்த்தார். "ஈரம் இருக்குங்க."

"ஒரு வாரமா வெயில்ல கிடக்குய்யா. எங்கேருந்து ஈரம்?"

"மேல கிடந்தது காஞ்சிருக்கு. நடுவுல உள்ளது காயல. கேட்டீங்க, சொன்னேன்."

வியாபாரிகள் போய்விட்டார்கள். மிராசுதார் ஒரு மாதம் அவரைக் களத்துப் பக்கம் விடவில்லை. பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வேறு தரகர் வாயை வியாபாரிகள் நம்பவில்லை.

"கேளுங்க, சொல்றேன்" என்பதை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்வார். கேட்காததைச் சொல்லமாட்டார். அதை நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி அவரிடம் விசாரித்தார். மாப்பிள்ளை பாயின் தெருக்காரர், பினாங்கில் கடை வைத்திருந்தவர்.

"சம்பாத்தியம் எப்படி?"

"நல்ல சம்பாத்தியம்."

"குடி கிடி?"

"தொட்டதில்ல."

கல்யாணம் நடந்தது. ஏழாம் மாதம், பினாங்கில் அந்த ஆளுக்கு ஒரு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருப்பது தெரிந்தது. ஜவுளிக்கடைக்காரர் பட்டப்பகலில் பாயின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, "என் பொண்ணு குடிய கெடுத்துட்டியே, பாவி" என்று கத்தினார். பாய் இறங்கி, சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "நீங்க ரெண்டு கேள்வி கேட்டீங்க. நான் ரெண்டு பதில் சொன்னேன். ரெண்டுல எது தப்புன்னு சொல்லுங்க" என்றார். கடைத்தெரு சிரித்தது. நானும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தேன்.

பாரிஸில் அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர், முழங்கால் வரை கோட்டு. தை மாதக் குளிர். குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னே போனார். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனோம். கடைக்காரர்கள் எல்லோரும் அவரைத் தெரிந்தவர்கள். ஒவ்வொரு கடையிலும் கை குலுக்கி, நாலு வார்த்தை பிரெஞ்சில் பேசி, அதையே எங்களுக்குத் தஞ்சாவூர் ஜில்லாத் தமிழில் சொன்னார்.

முதல் கடையில் பனிக்கட்டிமேல் சிப்பிகள் அடுக்கியிருந்தன. குழுவில் கும்பகோணத்துத் தம்பதி இருந்தார்கள். கணவர் வங்கியில் இருந்தவர், மனைவி பள்ளி ஆசிரியை, இருவரும் ஓய்வு பெற்றவர்கள். கணவர் குனிந்து பார்த்து, "இது உயிரோடயா இருக்கு?" என்றார்.

"உயிரோடதாங்க இருக்கு."

"அப்ப எப்படிங்க திங்கிறது?"

"வாயைத் திறந்துதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு சிப்பியை எடுத்து நீட்டினார்.

பன்றிக்கறித் தொத்திறைச்சிகள் தொங்கிய கடைக்கு முன்னால் நின்று, "இங்க நான் வெளிய நிக்கிறேன். நீங்க போய்ட்டு வாங்க. நல்ல மனுஷர், வெட்டி வெட்டிக் கொடுப்பாரு" என்றார். நாங்கள் வரும்வரை மழைத் தூறலில் நின்றார்.

அடுத்தது பாலாடைக்கட்டிக் கடை. சாம்பல் பூத்தது, பச்சைப் பூசணம் ஓடியது, வண்டிச் சக்கரம் அளவு பெரியது என்று நூறு வகை. அந்த ஆசிரியை சுத்த சைவம். அதுவரை ரொட்டியும் திராட்சையும் மட்டும்தான் தொட்டிருந்தார்.

"ஏங்க, இதுல முட்டை இல்லியே?"

"முட்டை கிடையாதும்மா."

"மீன் எண்ணெய், அது இதுன்னு?"

"அதுவும் கிடையாது."

அம்மாள் ஒரு துண்டு வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். "கட்டித் தயிரைத் துணியில கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. இன்னொண்ணு கொடுங்க" என்றார். இரண்டு துண்டு, மூன்று துண்டு சாப்பிட்டார். ஊருக்கு எடுத்துப் போக முடியுமா என்று கணவரிடம் கேட்டார்.

அவர்கள் நகர்ந்ததும் நான் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டேன். "பாலை எதுல உறைய வைக்கிறாங்க?"

"கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கிற ஒரு சாறு இருக்கு. அதுல."

"அந்தம்மாகிட்ட சொல்லலியே?"

"அவங்க கேக்கலியே" என்றார். பிறகு, கடையில் வேறு யாரும் இல்லாதது போல, "நல்லா இருக்கீங்களா தம்பி? இன்னும் அதே பேப்பர்தானா?" என்றார்.

குழுவின் பெயர்ப் பட்டியல் முந்தின நாளே அவர் கைக்கு வந்திருக்கிறது. என்னைத் தெரியும் என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். பதில் எனக்குத் தெரிந்திருந்ததால் விட்டுவிட்டேன்.

அந்த நெல் மூட்டையின் கதை இது.

கழக ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று சென்னையிலிருந்து சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. அவை வயலுக்கு வந்து சேர்வதற்குள் நிலங்கள் தம்பி பெயருக்கும் கொழுந்தியாள் பெயருக்கும் மாறிக்கொண்டிருந்தன. அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு ஊர் ஊராகச் சிவப்புக் கொடி ஏறியது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். குடிசைகள் எரிந்த ஊர்களும் இருந்தன.

நான் சொல்லும் ஊரில் எதுவும் எரியவில்லை. ஈரக் குறுவையை விற்கப் பார்த்த அதே மிராசுதாரின் ஊர்தான். தாசில்தார் முன்னிலையில் பேசி, அரை மரக்கால் கூட்டிக் கொடுக்க ஒத்துக்கொண்டு, தை அறுவடை முடிந்தது. பேச்சில் தொழிலாளர் பக்கம் உட்கார்ந்து பேசியவர் பக்கிரி. நாற்பது வயது, ஒடிசலான ஆள். மிராசுதாருக்குச் சொந்தமான மனையில் குடிசை போட்டு இருந்தவர்.

அறுப்பு முடிந்த பத்தாம் நாள், தெற்குக் களத்திலிருந்து ஏழு மூட்டை நெல் களவு போனதாக மிராசுதாரின் காரியக்காரர் புகார் கொடுத்தார். போலீஸ் நேராகப் பக்கிரியின் குடிசைக்குப் போனது. அங்கே ஒரு மூட்டை இருந்தது.

"கூலி நெல்லுங்க. நானும் எம் பொஞ்சாதியும் அறுத்த கூலி" என்றார் பக்கிரி.

"கூலி மொத்தமும் வடக்குக் களத்துலதான் அளந்தோம்" என்றார் காரியக்காரர். "தெற்குக் களத்துலேர்ந்து ஒரு மரக்கால்கூட யாருக்கும் அளக்கல. எந்த வயல் நெல்லுன்னு பாத்துட்டா தெரிஞ்சு போச்சு."

கூலி நெல்லுக்கு ரசீது கிடையாது. சப்-இன்ஸ்பெக்டர் தரகர் பாயை அழைத்துவர ஆள் அனுப்பினார். செய்தி பரவி ஸ்டேஷன் வாசலில் ஐம்பது அறுபது பேர் கூடினார்கள். தஞ்சாவூரிலிருந்து வேறு வேலையாக வந்திருந்த நானும் போனேன்.

பாய் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்தார். ஒரு நெல்லைக் கடித்தார், துண்டுகளைப் பார்த்தார்.

"எந்த வயலு பாய்?"

"தெற்குக் களத்து நெல்லு. வடிகாலை ஒட்டின எட்டு மா நெலத்துல விளைஞ்சது."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. "எங்க டிபார்ட்மெண்டு நாய்கூட இப்படி மோப்பம் பிடிக்காதுய்யா" என்று சப்-இன்ஸ்பெக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பாயின் முகம் மாறவில்லை. சுவரோரமாகக் குந்தியிருந்த பக்கிரி அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். ஏட்டு, "வாயை மூடுடா" என்றார். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு எதிர் டீக்கடையில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "இந்த நெல்லு அவன் வீட்டுக்கு எப்படிப் போயிருக்கும்னு நினைக்கிறீங்க பாய்?" என்று கேட்டேன்.

"நினைக்கிறத நான் சொல்றதில்ல தம்பி. பாத்ததைக் கேளுங்க."

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செய்திக்கு வேண்டியது என்று எனக்குப் பட்டதைக் கேட்டேன். "பல்லுல கடிச்சா வயலு எப்படித் தெரியுது?"

அவர் மிச்ச டீயைக் குடித்துவிட்டு, "பழக்கம்" என்றார்.

'நெல்லைக் கடித்து வயலைச் சொன்ன தரகர்' என்று மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது. வழக்கு நடந்தபோது அரசு வக்கீலின் காகிதக் கட்டுக்குள் அந்தப் பத்திரிகைப் பக்கமும் இருந்தது. பக்கிரியின் வக்கீல் இளைஞர், சென்னையில் படித்தவர். ஒரு நெல்லைக் கடித்து வயலைச் சொல்ல முடியவே முடியாது என்று காட்டிவிட்டால் வழக்கு உடைந்துவிடும் என்று நம்பினார். ஐந்து கிண்ணங்களில் ஐந்து வயல்களின் நெல்லைக் கொண்டுவந்து சாட்சிக் கூண்டின் முன்னால் வைத்தார். பாய் ஐந்தையும் சரியாகச் சொன்னார். இளைஞர் உட்கார்ந்துவிட்டார். வேறு கேள்வி கேட்கவில்லை.

பக்கிரிக்கு ஆறு மாதம். அவர் உள்ளே இருந்தபோது குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். மனைவி சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். அதன் பிறகு, குடியிருக்கும் மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. அதிகாரிகள் கணக்கெடுக்க வந்த நாளில் பக்கிரியின் மனையில் கத்தரிச் செடி நின்றது. அந்தத் தெருவில் மனைப்பட்டா கிடைக்காத ஒரே ஆள் அவர்தான்.

பாயின் தரகு முதலில் பெருகியது. பிறகு மூட்டை தூக்குகிறவர்கள் அவர் விலை பேசிய நெல்லைத் தொட மறுத்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, திட்டவில்லை. லாரி வந்து நிற்கும், அவர்கள் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் மனைவியின் வீட்டார் காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தவர்கள். ஒரு நாள் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சந்தையின் கடைசிக் கடை தானியக் கடை. சாக்குகளில் பருப்பு, பட்டாணி, கோதுமை. ஓரமாக ஒரு சாக்கில் சிவப்பரிசி.

"இது இந்த நாட்டு அரிசி" என்றார். "தெற்க ரோன்னு ஒரு ஆறு கடல்ல விழுது. அதுக்கும் டெல்டா இருக்கு. அங்கயும் நடவு, அங்கயும் கொசு."

காலையில் அவர் கடித்தது அதுதான். வங்கிக்காரர், "நம்ம ஊர்ல ஒரு ஆளு கடிச்சே வயலைச் சொல்வாராமே, எங்கப்பா சொல்லியிருக்காரு" என்றார். பாய் அவரைப் பார்த்தார். "அரிசியில சொல்ல முடியாதுங்க. உமி போயிருச்சுல்ல. மண்ணு உமிக் காம்புலதான் ஒட்டியிருக்கும். பல்லு சும்மா. பார்வைதான்."

நடை முடிந்தது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு, கை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆசிரியை மறுபடி பாலாடைக்கட்டிக் கடைக்குப் போனார். நாங்கள் இருவரும் அந்தச் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"பக்கிரி இருக்காரா?" என்று கேட்டார். நலம் விசாரித்ததைத் தவிர, அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"தெரியல."

"பேப்பர்க்காரரு நீங்க. தெரியலைங்கிறீங்க."

பிறகு கேட்டேன். அந்தக் கேள்வி எனக்குள் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"கூலி அளந்த அன்னிக்கு நீங்க தெற்குக் களத்துல இருந்தீங்களா?"

குடையைச் சாக்கின்மேல் வைத்தார். "இருந்தேன். விலை பேசப் போயிருந்தேன்."

"பக்கிரிக்கு அங்க அளந்தாங்களா?"

"அளந்தாங்க. அந்த எட்டு மா குவியல்லேர்ந்து. அரை மரக்கால் கூட்டித்தான் அளந்தாங்க. மூட்டையைத் தூக்க முடியாம நின்னாரு. நான்தான் ஒரு கை கொடுத்துத் தலையில ஏத்திவிட்டேன்." நிறுத்தினார். "இத்தனை வருஷத்துல இதைக் கேட்ட மொதல் ஆளு நீங்கதான்."

"ஸ்டேஷன்ல சொல்லியிருக்கலாம். கோர்ட்டுல சொல்லியிருக்கலாம்."

"எந்த வயலுன்னு கேட்டாங்க."

"மிராசுதாருக்குப் பயந்தா?"

"அதுவும் இருந்துச்சு. அவரு நெல்லுலதானே என் சோறு. ஆனா அது மட்டுந்தான்னு சொன்னா பொய்யாயிரும்."

"அந்தச் சின்ன வக்கீலு கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

அவர் சாக்கிலிருந்து ஓர் அரிசியை எடுத்தார். கடிக்கவில்லை. விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஏதோ கேட்டதற்குப் பிரெஞ்சில் பதில் சொன்னார். பிறகு அந்த அரிசியைத் திரும்பச் சாக்கில் போட்டார்.

"அதுதான் தம்பி தெரியல" என்றார். "எழுதிக்கங்க. கையெழுத்துப் போடுறேன்."

நோட்டில் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். 'ஏத்திவிட்டேன்' என்ற இடத்தில் 'நானே' என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். தமிழில் கையெழுத்துப் போட்டார். அடுத்த குழு பதினொன்றரை மணிக்கு என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கிப் போனார்.

ஊர் திரும்பி ஒரு மாதம் விசாரித்து, பக்கிரியின் மகளைத் திருத்துறைப்பூண்டியில் கண்டுபிடித்தேன். வாடகை வீடு. வாசலில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது என்றார். பாய் கையெழுத்திட்ட தாளை வாசித்தேன். மாவைப் பைகளில் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றார். "பாய்தான் தூக்கிவிட்டாருன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஸ்டேஷன்லயும் சொன்னாராம், வக்கீல்கிட்டயும் சொன்னாராம். ஒரு பேப்பர்க்காரரு அதை எழுதிக்கிட்டாருன்னு சொல்வாரு. என்னிக்காவது வரும்னு டீக்கடைக்குப் போனா பேப்பரைப் படிக்கச் சொல்லிக் கேப்பாரு." ஒரு பையைக் கட்டி வைத்தார். "நீங்கதானா அது?"

ஆமாம் என்றேன்.

என் பழைய குறிப்பேடுகளை நான் எறிவதில்லை. ஸ்டேஷனுக்குப் போன அந்த நாளின் பக்கத்தில், பென்சிலில், என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'பக்கிரி: பாய்தானே மூட்டைய என் தலையில ஏத்திவிட்டாரு, அவரையே கேளுங்க.' அதன்மேல் நீல மையில் ஒரு கோடு இருக்கிறது. செய்தி நீண்டுபோனால், வெட்ட வேண்டிய வரிகளை நான் நீல மையில்தான் அடிப்பேன்.